இராமநாதபுரத்தில் நான் தப்பாக எழுதிய ஒரு சொல்

மதுரையில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. எனக்கும் அந்தத் தொற்று உண்டு; ஆறு வருடமாக மாத்திரை போடுகிறேன். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆலோசகர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசி முடிவெடுக்கும் மையம் ஒன்று இராமநாதபுரம் பக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டு வா என்று கடந்த ஆவணியில் அனுப்பினார்கள்.

காலை ஐந்தரைக்குப் பேருந்து. நூற்றுப்பத்து கிலோமீட்டர் சொச்சம், எட்டேகாலுக்கு இறங்கினேன். பரமக்குடியில் பத்து நிமிடம் நின்றது, டீயை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ அறுபது ரூபாய். "ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்தீகளா சார்?" என்றார் ஓட்டுநர். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு என்று சொன்னேன். சட்டென்று கண்ணாடியைத் திருப்பிவிட்டு வண்டியை விரட்டினார். எனக்கு இது பழகிப்போன விஷயம்.

அங்கே முதலில் பேசியது அந்தோணியிடம். பெயரை மாற்றியிருக்கிறேன், எழுதச் சம்மதித்தார். இராமேஸ்வரம் தீவில் விசைப்படகுத் தொழிலாளி. இரத்தத்தில் வைரஸ் அளவு ஏறியிருந்தது. இந்த மருந்து கேட்கவில்லை என்று முடிவானால், அடுத்த கட்ட மருந்துக்கு மதுரைக்கு அலைய வேண்டும்.

"மாசாமாசம் மதுரைக்கு எதுக்குப் போறன்னு போட்டுல கேப்பாக சார். நான் என்னத்தச் சொல்ல? தெரிஞ்சா ஏத்த மாட்டாக."

மாத்திரை எப்போதெல்லாம் விட்டுப்போகிறது என்று கேட்டேன். "தங்கலுக்குப் போற அன்னைக்கு மட்டுந்தான்" என்றார். 'உறவினர் வீட்டில் தங்கல்' என்று எழுதிக்கொண்டேன். அங்கேயும் மாத்திரையைக் கொண்டுபோகலாமே என்று புத்திமதி வேறு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மதியம் கூட்டத்தில் நான் குறிப்பை வாசித்ததும், அதே தீவின் தங்கச்சிமடத்துக்கார நர்ஸ் சிரித்துவிட்டார். "ஐயோ சார்! தங்கல்னா ராத்திரி கடல்ல தங்கி மீன் பிடிக்கிறது. காலையில போனா மறுநா காலையிலதான் கரை." எனக்கு வெட்கமாகிவிட்டது. மருந்தாளுநர் மீதி மாத்திரைகளை எண்ணினார். தங்கல் நாட்களோடு சரியாக ஒத்துப்போனது. "பழைய மாத்திரை தலை சுத்தும், அதான் படுக்கும்போது போடச் சொன்னோம். மருந்து மாறிருச்சு, அவரு நேரத்த மாத்தல. நாமளும் சொல்லல" என்றார். டாக்டர் சொன்னார்: "அப்ப மருந்து இருக்கட்டும். நேரத்த மாத்துவோம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

அந்தோணியைக் கூப்பிட்டு, படகு ஏறும் முன் ஒன்று, மறுநாள் காலை கரைக்கு வந்ததும் ஒன்று என்று நர்ஸ் சொன்னார். படகுக்கு எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார் அந்தோணி.

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு, காலையிலேயே போய்விடுங்கள். தினமும் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே கைப்பையில் வைத்திருங்கள். முக்கியமாக, புரிந்துவிட்டது என்று தோன்றும் சொல்லையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் மட்டும் தனியாக முடிவெடுத்திருந்தால் அந்த மனிதரை மதுரைக்கு அனுப்பியிருப்பேன். நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

மார்கழியில் ஒரு காலை அவரே போன் செய்தார். "ரிசல்ட்டு வந்துருச்சு சார். வைரஸ் தெரியவே இல்லையாம். மருந்துக்குன்னு மதுரைக்கு வர வேண்டியதில்லை. ஆனா உங்களப் பாக்க ஒரு நா வாரேன்."