பெட்ரோல் முள் எழுந்த நாள்

கூலிப் போராட்டங்கள் ஓய்ந்து, அறுவடைக் கூலியான நெல் சண்டையில்லாமல் கைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் தெருவின் முதல் கார் எங்களுடையதுதான். பழைய அம்பாசடர். என் கணவர் அதை வாடகைக்கு ஓட்டினார்.

அதன் பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். அதை நம்பி ஒருமுறை பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைத் தஞ்சாவூருக்கு ஏற்றிப்போனார். பூதலூர் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. குழந்தை பின் சீட்டிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்றாலும், வீடு திரும்பியவர் சோற்றைத் தொடவில்லை.

"இனிமே இந்த முள்ள நம்பி ஒரு உசுர ஏத்த மாட்டேன்."

டாங்க்கினுள் மிதந்து பெட்ரோல் அளவைக் காட்டும் ஃப்ளோட்டைப் புதிதாக வாங்கி வந்தார். காற்றோட்டமான இடம் வேண்டும் என்று வண்டியைக் களத்துமேட்டுக்குக் கொண்டுபோனோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பெட்ரோலை மூடியுள்ள டின்னில் வடித்துத் தூரமாக வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். டாங்க்கை இறக்கி, பழைய ஃப்ளோட்டின் திருகுகளை அவர் கழற்றிக்கொண்டிருந்தபோது, பண்ணை முதலாளி சிகரெட்டோடு நேரே வந்தார்.

"ஐயா, அங்கயே நில்லுங்க! சிகரெட்ட அணைங்க!"

என் குரல்தான் அது. எனக்கே நம்ப முடியவில்லை.

"எங்க களத்துல என்னையே நிக்கச் சொல்றியா?"

"களம் யாரோடதுன்னு பெட்ரோலுக்குத் தெரியாதுங்க. பத்திக்கிட்டா எல்லாரும்தான் போவோம்."

முதலாளி திரும்பி நடந்து, வாய்க்கால் தண்ணீரில் சிகரெட்டைப் போட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார். அந்தப் பண்ணையில் கூலிவேலை செய்த என் அப்பா அவர் எதிரில் தோளில் துண்டுகூடப் போட்டதில்லை. என் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

என் கணவர் புது ரப்பர் வாஷர் வைத்து ஃப்ளோட்டைப் பொருத்தினார். டாங்க்கை மாட்டிப் பெட்ரோலை ஊற்றியதும், எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். வாடை முழுக்கப் போகும்வரை காத்திருந்து, அதன்பிறகே பேட்டரியை இணைத்தார். சாவியை நான்தான் திருப்பினேன்.

முள் மெல்ல அசைந்து, கால்வாசியில் நின்றது.

"உண்மையச் சொல்லுதுங்க!" என்று கத்தினேன். அவர் கிரீஸ் கையோடு வாய்விட்டுச் சிரித்தார்.

நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போய் டாங்க்கை நிரப்பச் சொன்னோம். முள் கடைசிக் கோட்டைத் தொட்டதும் நான் கைதட்டினேன். பங்க்காரர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.