தையல்காரி திறந்து கொடுத்த கத்தி

அந்தத் தையல்காரியின் அப்பா வழியில் எல்லோருமே அழுத்தக்காரர்கள். பெரிய அத்தை ஒருத்தி, புடவையை வாங்கிப் போய்க் கிழித்துவிட்ட நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசாமல், ஒரே சமையலறையில் தலை நரைக்கிறவரை சமைத்தவள். சித்தப்பா ஒருவர் சொந்த மகன் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு, மகனிடம் மட்டும் பேசாமல் பஸ் ஏறினார். தையல்காரிக்கும் அதே ரத்தம்தான். ஆனால் அவளையே தூக்கிச் சாப்பிடுகிற அழுத்தக்காரர் புருஷனாக வாய்ப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

புருஷனுக்கு வீடு மாற்றும் லாரியில் வேலை. பீரோ, கட்டில், சோபா எல்லாவற்றையும் கட்டி, தூக்கி, இறக்கிப் பிரித்துக் கொடுக்கிற கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி அவளுடைய கூடப் பிறந்த தம்பி. ஒருநாள் மாடிப்படியில் மாமனும் மச்சானுமாக இரும்பு பீரோவை இறக்கும்போது மேல்பக்கம் பிடித்திருந்த தம்பியின் பிடி விட்டுப்போனது. கீழே இருந்தவருடைய இடது கை சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கை மிஞ்சியது, விரல்கள் மிஞ்சவில்லை. இருந்தன, ஆனால் மடங்காது, நீளாது, ஒரு நூலைக்கூடப் பிடிக்காது.

புண் ஆறியதும் அவர் லாரி நிற்கிற இடத்துக்குப் போய் நின்றார். ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சொன்னான்:

"மாமா, நம்ம வேலையில ஒரு கை பாரத்துல இருக்கும், ஒரு கை கத்தியில இருக்கும். உங்களுக்கு அந்தக் கை தாங்க மட்டும்தான் ஆகும். சோபாவைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, வலது கையாலயே கத்தியைத் திறந்து கயித்தை அறுத்துக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா அந்த நிமிஷமே வண்டியில ஏறிக்கங்க."

"நாளைக்கு வச்சுக்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். தைத்துக்கொண்டிருந்தவளைக் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு எழுப்பி இரும்புக்கடைக்குக் கூட்டிப் போனார்.

கடைக்காரர் மடக்குக் கத்திகளைப் பரப்பி வைத்தார். "இவ்வளவு பெரிசு கேக்கறீங்களே, யாரோட தகராறு?"

"சோபாவோடதான். பல வருஷப் பகை."

பெண் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். மரப்பிடி போட்டது அழகாக இருந்தது. ஆனால் நகத்தால் நெம்பித் திறக்க இரண்டு கை வேண்டும், பூட்டும் கிடையாது, அழுத்தினால் விரல்மேலேயே மடங்கிவிடும். பல் வைத்தது கயிற்றைத் தின்னும், மழுங்கினால் வீட்டில் தீட்ட முடியாது. சின்னது பாக்கெட்டுக்கு நல்லது, மெத்தைப் பஞ்சில் பாதி தூரம்கூடப் போகாது. ஒன்றின் முனை ஊசிபோல இருந்தது. "அட்டைப்பெட்டியைக் கீறினா உள்ள இருக்கற டிவியையும் சேத்துக் கீறிடும்" என்று தள்ளி வைத்தார். எஃகுப் பிடி போட்டதைக் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்தார். வியர்த்த கையில் அது மீன் மாதிரி வழுக்குமாம்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. உள்ளங்கையைத் தாண்டுகிற அகல அலகு, சொரசொரப்பான கறுப்புப் பிடி. அலகில் கட்டைவிரல் நுழைகிற ஒரு ஓட்டை. தள்ளினால் 'டக்' என்று திறந்து பூட்டிக்கொண்டது. மடக்கினார். திறந்தார். கை உடைந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் சிரிப்பைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்தாள். வாசலில் கிடந்த பழைய கயிற்றை அறுத்துப் பார்க்கிறேன் என்று வெளியே போனார்.

அவர் வெளியே இருக்கும்போது கடைக்காரர் அதே மாதிரி இன்னொரு கத்தியை அவளிடம் நீட்டினார். "அலகு சுத்தற இடத்துல இந்த ஸ்க்ரூ இருக்கு பாருங்கம்மா. நாளாக நாளாகத் தளரும், அப்ப லேசா இறுக்கணும். ஆனா பாத்து, அரைத் திருப்பு கூடிப்போச்சுன்னா அலகு அசையாது. உங்க மெஷின் ஸ்க்ரூ டிரைவரே போதும்."

மத்தியானம் முழுக்க வீட்டில் டக், டக் என்று சத்தம். சாயங்காலம், மறுநாள் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளைபோல முடிவெட்டிக்கொள்ளப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, மாமா வரக் கூடாது."

"ஏண்டா, நீதானே வரச் சொன்னே?"

"ஆளுங்க முன்னாடி வேற என்னத்தச் சொல்றது? ஒத்தக் கையால திறக்கற கத்தி இருக்கும்னு நான் கண்டேனா? இப்ப அதை வாங்கிட்டார்னு கடைத்தெருவே பேசுது." தையல் மெஷினில் கிடந்த நூல்கண்டை எடுத்து உருட்டினான். "அன்னைக்குக் கை வழுக்கலக்கா. போன் அடிச்சுது. ஒரு கையை எடுத்தேன்."

அவளுக்கு ஊசி குத்திய மாதிரி இருந்தது.

"மாமாவுக்குத் தெரியுமாடா?"

"போன் சத்தம் அவரு காதுல விழுந்திருக்கும். இதுவரைக்கும் கேக்கல. தினமும் கூட நின்னா ஒருநாள் எல்லார் முன்னாடியும் கேப்பாரு. முதலாளி காதுக்குப் போச்சுன்னா நானும் வீட்டுக்கு. அப்புறம் உன் அடுப்பையும் என் அடுப்பையும் யாரு எரிப்பா? அவரு ராஜா மாதிரி வீட்டுல இருக்கட்டும். அரிசி நான் போடறேன்."

"நான் என்னடா பண்ண முடியும்?"

"நீ பொண்டாட்டி. என்ன வேணாப் பண்ணலாம்."

காலையில் புருஷன் குளிக்கப் போனார். கத்தி சட்டையின்மேல் மடங்கிக் கிடந்தது. மெஷின் டிராயரைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். அரைத் திருப்பு. அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தோடு ஏதோ பழைய பாட்டின் மெட்டு கேட்டது. திருப்புளியை வைத்துவிட்டுச் சோற்று டப்பாவை மூடினாள்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். லாரி நிற்கிற இடத்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோபாவைத் தோளில் சாய்த்துவிட்டார்கள். செத்த கையால் அணைத்துக்கொண்டு வலது கையால் கத்தியை எடுத்தார். கட்டைவிரலை ஓட்டையில் வைத்துத் தள்ளினார். அலகு கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார். விரல் வெளுத்ததுதான் மிச்சம்.

"மாமா, கத்திக்கு இன்னும் தூக்கம் கலையல போல" என்றான் ஒருவன்.

"காபி குடுத்து எழுப்புங்கய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பல்லால் அலகைக் கடித்து இழுத்தார். கத்தி திறந்தது, உதடும் திறந்தது. அந்த ஆட்டத்தில் சோபா தோளிலிருந்து சரிந்து தரையில் மோதி ஒரு கால் ஒடிந்தது.

"சோபாவுக்குக் கால் போச்சு, இவருக்குக் கை போச்சு. நல்ல ஜோடிப் பொருத்தம்!"

"போதும் மாமா, வீட்டுக்குப் போங்க" என்றான் தம்பி. குரலில் அப்படி ஒரு பரிவு. அந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புருஷன் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, அவளிடமிருந்து சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போ, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று வேறு தெருவில் திரும்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பழத்தையும் கத்தியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"திறந்து குடு."

இரண்டு கையாலும் பிடித்து, நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்தாள். அவர் பழத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்து நிதானமாக நறுக்கிச் சாப்பிட்டார். கத்தியை மடக்கி வைத்தார்.

அதிலிருந்து அதுவே வீட்டு வழக்கமானது. பழத்துக்குத் திற. பொட்டலத்து நூலுக்குத் திற. பென்சிலுக்குத் திற. சமையலறையில் வேறு கத்தி இல்லாமல் இல்லை, அவருக்கு அதுதான் வேண்டும். வேறு லாரிக்காரர்கள் வந்து அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவர் கதவுகூடத் திறக்கவில்லை. கோபப்பட்டு ஒரு தட்டையாவது உடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். உடைக்கவில்லை. தம்பி அரிசியோடு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாப்ள, உங்க அக்கா எவ்வளவு பாந்தமா கத்தி திறக்கறா பாருங்க" என்று அவன் எதிரிலேயே திறக்கவைப்பார். தம்பி தரையைப் பார்ப்பான். பிறகு அரிசி மட்டும் ஆள்மூலமாக வந்தது.

தினமும் நெம்பி நெம்பி அவள் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்தது. வெட்டிவிட்டாலும் பிளந்தேதான் வளர்ந்தது. தையல்காரிக்கு நகம் பிளந்தால் என்ன ஆகும்? பட்டுத் துணியில் மாட்டி இழை இழுத்துவிடும். பட்டு கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அப்புறம் பள்ளிக்கூடச் சட்டை, தலையணை உறை, கடைசியில் கிழிசல். திருப்புளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அரைத் திருப்பு திரும்பத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் தளர்த்தினால் யார் இறுக்கியது என்று ஆகிவிடுமே! அந்தப் பயத்திலேயே தலை வெளுத்துவிட்டது.

ஒருநாள் அவர் நாற்காலியில் தூங்கும்போது அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கத்தியை எடுத்து ஜன்னலோரம் போய்த் திருப்புளியை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். வழுக்கியது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் பள்ளமே இல்லை. அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தது. கதவோரத்தில் என்றைக்கோ ஒரு பள்ளம் விழுந்திருந்ததும், எலி வேலை என்று தான் திட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவிடுக்கில் கத்தியைச் செருகி, தோளால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் தேய்த்திருக்கிறார்.

"இப்பத்தான் கை போச்சா அங்க?"

அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

"இறுக்கமா இருக்கேன்னு..." என்றாள்.

"அன்னைக்கே அந்தக் கடைக்குப் போனேன், உதட்டுல ரத்தத்தோட. 'வீட்டம்மாகிட்ட காட்டினேனே'ன்னார். தளர்த்தித் தரேன்னும் சொன்னார். வேண்டாம்னு ஒரு அரம் வாங்கிட்டு வந்தேன்."

"தெரிஞ்சும் இவ்வளவு நாளா..."

"மாப்ள போனை எடுக்கத்தான் பிடியை விட்டான்னும் எனக்குத் தெரியும். அவன் கையை எடுத்தது அந்த ஒரு தடவை. நீ தினமும் திறந்து குடுக்கறே." தட்டிலிருந்த பழத்தை எடுத்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். "பேச்சு போதும். திற."

நகத்தின் பிசிறைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, அவள் கத்தியை இரண்டு கையாலும் பிடித்தாள்.