வாசலோர மேசை

வேலையாகக் கம்பம் வந்து நான்கு நாளில் இது நான்காவது கடை. ஒரே கடையில் இரண்டாம் தடவை சாப்பிட எனக்குப் பொறுமை கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, போன வாரம் திறந்த சாப்பாட்டுக் கடை இது. திறப்புக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடித் தொங்குகிறது. உள்ளே ஒருவரும் இல்லை. மின்விசிறிக்கு அடியில் உட்காரப் போகிறேன்.

"அங்கன வேணாம்ணே, இங்கன ரோட்டுப் பக்கமா உக்காருங்க" என்று கடைக்காரர் வாசலோர மேசையில் இலையைப் போடுகிறார்.

முகத்தில் வெயில். குமுளி பஸ் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. சாம்பார் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் அள்ளி அள்ளி விழுங்குகிறேன். கேட்காமலே இன்னொரு அப்பளம் வைக்கிறார்.

"மெல்லச் சாப்பிடுங்கண்ணே. ஆளு உக்காந்து சாப்பிடுறதப் பாத்தாத்தேன் நாலு பேரு உள்ள வருவாக. வெறுங்கடைன்னா எட்டிப் பாத்துட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருறாக."

"பஸ் போயிருமே!"

"அரை மணியில அடுத்த பஸ் இருக்குண்ணே" என்று ரசத்தை ஊற்றுகிறார்.

என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு குடும்பம் வாசலில் தயங்கி நிற்கிறது. நான் விழுங்குகிற வேகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு நடக்கிறது. கடைக்காரர் மோரைக் கொண்டுவந்து வைக்கிறார். எதிரே ஹாரன் கேட்கிறது. மோரைத் தொடாமல், காசை வைத்துவிட்டு ஓடுகிறேன்.

பஸ் கடையைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். அதே மேசையில் புது இலை. அதன் முன்னால் கடைக்காரரே உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி, மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.