நின்றபடியே பார்த்த நாடு

கோசிமோ சலேர்னோக்காரர். முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த வேலை அவருக்குக் கொடுத்த ஒரே சொத்து ஒரு பச்சை அட்டை. அதை நீட்டினால் இத்தாலியில் எந்த மூலைக்கும் ரயிலில் சும்மா போகலாம். குடும்பத்துக்கும் அதே சலுகை உண்டு. ஊரில் பல பேர் அந்த அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர் வீட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

காரணம் ஒரு விதி. காசு கொடுத்த பயணி நிற்கும்போது இலவச அட்டைக்காரன் உட்காரக் கூடாது. மற்ற ஊழியர்கள் அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு ஜன்னலோரம் குறட்டை விட்டு வந்தார்கள். இவர் மட்டும் அந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கல்யாணமான மறுநாள் மனைவி ஃபிலோமேனாவை வெனிஸுக்கு அழைத்துப் போனார். போலோன்யாவில் கூட்டம் ஏறியதும் தானும் எழுந்து அவளையும் எழுப்பிவிட்டார். புதுப்பெண், புதுச் செருப்பு, இரண்டு மணி நேரம். வெனிஸில் அவள் பார்த்தது தன் கால் கொப்புளங்களைத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் ஒரு பயணம். தூரின், திரியெஸ்தே, அங்கோனா, பாரி. மகள் நுன்சியா நாடு முழுக்கச் சுற்றினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஆசிரியை, "மலையெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, "தெரியல டீச்சர். நான் இத்தாலியை நின்னுக்கிட்டே பாத்தேன். முன்னால எப்பவும் ஒருத்தரோட முதுகு இருக்கும்" என்றாளாம். கோசிமோ இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

வேலை என்று வந்துவிட்டால் வீடு இரண்டாம் பட்சம். மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய அன்று அவர் ஃபோஜாவில் இருந்தார். அவள் கல்யாணத்தன்று காய்ச்சலில் கிடந்த சக ஊழியனுக்காக ஒரு வண்டி ஏறி, கேக் வெட்டும் நேரத்துக்குச் சீருடையோடு வந்து சேர்ந்தார். ஃபிலோமேனா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். சிசிலித் தீவில், கத்தானியாவில் இருந்த புருஷன் வீட்டுக்குப் போன நுன்சியா வருடத்துக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டாள்.

அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து, ஆகஸ்டு மாதம், அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டாவது பையன் பிறந்திருந்தான். அவர்கள் வழக்கப்படி இரண்டாவது பையனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஞானஸ்நானம்ப்பா. நீங்கதான் ஞானத்தகப்பன். பிள்ளைய நீங்கதான் ஏந்தணும்."

"வராம இருப்பேனாம்மா?"

"வருவீங்க. எப்ப வருவீங்கன்னுதான் எனக்குத் தெரியல. அந்த அட்டைய வீட்டுலயே வெச்சிடுங்க. காசு குடுத்து டிக்கெட் எடுங்க. இடத்தப் பதிஞ்சு, அதுல உக்காந்து வாங்க."

"அட்டை இருக்கறப்ப எதுக்கும்மா டிக்கெட்டு?"

"எனக்காக. ஒரே ஒரு தடவை."

"சரி" என்றார். மனசாரத்தான் சொன்னார். மறுநாள் நிலையத்துக்கும் போனார். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் பழைய சிநேகிதன். "யாரு, கோசிமோவா? டிக்கெட் எடுக்கவா? டேய், எல்லாரும் வந்து பாருங்கடா!" என்று உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டான். நாலு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கோசிமோவும், சும்மா வண்டி நேரம் கேட்க வந்தேன் என்று மழுப்பிவிட்டுத் திரும்பினார். மகளுக்குக் கொடுத்த வாக்கை அந்தச் சிரிப்புக்கு விற்றுவிட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

ஞாயிறு காலை வண்டி பிதுங்கி வழிந்தது. மிலான், தூரின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தெற்கத்திக்காரர்கள் மொத்தப் பேரும் கயிறு கட்டிய பெட்டிகளோடு விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிசிலிக்குப் போகும் அந்த வண்டி கப்பலேறிக் கடலைத் தாண்டி, மெஸ்ஸினாவில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பலெர்மோவுக்கு. இன்னொரு பாதி கத்தானியா வழியாகச் சிராகுசாவுக்கு. கோசிமோ சிராகுசா பெட்டியில்தான் ஏறினார். சலேர்னோவில் ஒருவர் இறங்க, இடமும் கிடைத்தது. பையைத் தலைக்கு மேலே வைத்தார். நுன்சியாவின் ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளை உடுப்பு அதற்குள் இருந்தது. ஃபிலோமேனா மெல்லிய தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனது.

சாப்ரியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கோசிமோ எழுந்துவிட்டார்.

"வேணாங்க பெரியவரே, உங்க வயசுக்கு..."

"நீங்க காசு குடுத்தவங்கம்மா. நான் இலவசம். உக்காருங்க. பை மேலயே இருக்கட்டும், கத்தானியாவுல வந்து எடுத்துக்கறேன்."

பெட்டியின் அந்த அறையில் இன்னும் நான்கு திடகாத்திரமான ஆண்கள் இருந்தார்கள். ஒருவனும் அசையவில்லை.

அடுத்த பெட்டியில் ஓர் இடம் கிடைத்தது. பாவ்லாவில் ஏறிய பட்டாளத்துப் பையனுக்கு அதைக் கொடுத்தார். அவன் உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப்போனான். கோசிமோ ஆட்களைத் தாண்டி, மூட்டைகளைத் தாண்டி, பெட்டிகளின் உள்வழியாகவே இன்னும் முன்னால் போனார். நடைவழியில் ஒரு மடக்கு இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். பின்னாலிருந்து நான்காவது பெட்டி. கடைசி நான்கும் சிராகுசா. நிம்மதி.

அது அவர் காலத்துக் கணக்கு. இப்போது கடைசி மூன்றுதான் சிராகுசா. ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் போகும் ஊர் எழுதிய பலகை தொங்கும். கப்பலில் எல்லோரையும் போல அவரும் மேல்தளத்துக்குப் போய், பொரித்த சோற்றுருண்டை ஒன்றைத் தின்றுவிட்டு, அந்த வாசல் வழியாகத்தான் திரும்பி ஏறினார். பலகையைப் பார்க்கவில்லை. பலகை பார்ப்பது பயணிகளின் வேலை. முப்பத்து நான்கு வருடம் அதைப் பயணிகளுக்குச் சொன்னவர் அவர்.

தர்ப்பூசணியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு குண்டு மனிதர் வந்தார். "ஐயா, சிராகுசாவுக்கு இந்தப் பெட்டிதானா? பலகையில வேற என்னமோ..."

"பலகைய மாத்த மறந்திருப்பானுங்க. நான் ரயில்வேக்காரன். தைரியமா உக்காருங்க."

மெஸ்ஸினாவில் பெட்டிகளை இழுத்தார்கள், தள்ளினார்கள், கோத்தார்கள். வண்டி கிளம்பியது. கோசிமோ இடது பக்க ஜன்னலுக்குப் போய்க் கடலுக்காகக் காத்திருந்தார். கத்தானியா பாதை முழுக்கக் கடலோரம். கடல் வரவில்லை. பட்டப்பகலில் இருட்டு வந்தது. இதோ முடிந்துவிடும் என்று நின்றார். முடியவில்லை. அவ்வளவு நீளச் சுரங்கம் பலெர்மோ பாதையில்தான் உண்டு.

தர்ப்பூசணிக்காரருக்கு விஷயம் புரிந்ததும் பெட்டியே அதிர்ந்தது. "ரயில்வேக்காரனாம்! நான் கண்ணால படிச்சதப் பொய்னு சொன்னானே இந்தக் கெழவன்! என் பொண்டாட்டி அங்க பிளாட்பாரத்துல நிப்பாளேய்யா!"

அடுத்து வண்டி நின்ற மிலாட்சோவில் இருவரும் இறங்கினார்கள். திரும்பும் வண்டிக்கு இரண்டரை மணி நேரம். நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்குத் தொலைபேசி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் கோயிலில். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

கத்தானியாவில் மகள் வீட்டு முற்றத்துக்குள் அவர் நுழைந்தபோது மணி எட்டு. நீள மேசையில் விருந்து பாதி முடிந்திருந்தது. குழந்தை வெள்ளை உடுப்பில் இருந்தது. அவர் கொண்டுவந்த அதே உடுப்பு. ஏந்தியிருந்தவன் மருமகனின் அண்ணன் அல்ஃபியோ. டிக்கெட்டே எடுக்காமல் கழிவறையில் ஒளிந்து மிலான் வரை போய்வந்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவன். இப்போது அவன்தான் ஞானத்தகப்பன்.

நுன்சியா எழுந்து வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"பை வந்துடுச்சுப்பா. சரியான நேரத்துக்கு வந்துடுச்சு."

"நுன்சியா, அந்த நாலாவது பெட்டி..."

"உங்க மாப்ள பிளாட்பாரத்துல உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே பெட்டி பெட்டியா ஓடினாரு. கைக்குழந்தக்காரி ஒருத்திதான் பையக் குடுத்தா. தங்கமான மனுஷன், எழுந்து இடம் குடுத்தாருன்னு உங்கள அப்படிப் புகழ்ந்தாளாம். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாதர் பத்து நிமிஷம் காத்திருந்தாரு. இன்னும் ஆறு பிள்ளைங்க வரிசையில இருந்துச்சு. டிக்கெட் எடுத்தீங்களாப்பா?"

கோசிமோ தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மேசையில் இடமில்லை. அவரைக் கண்டதும் மருமகன் நாற்காலியைவிட்டு எழுந்தான். "வாங்க மாமா, உக்காருங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். நீங்க உக்காருங்க மாப்ள. நான் நின்னுக்கறேன்." வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

நுன்சியா அந்த நாற்காலியை இழுத்து அவர் முழங்காலில் இடிக்கும்படி போட்டாள்.

"உக்காருங்கப்பா. இங்க யாரும் காசு குடுத்து உக்காரல."