நத்தம் மாந்தோப்பில் அம்மா உட்கார்ந்த படம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, பந்தியில் சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. கட்டுரை கேட்டது அக்காவின் மகன். "சித்தி, ரெண்டு பக்கம் போதும். நல்லதா எழுதுங்க" என்றான். அந்த 'நல்லதா'வை அழுத்திச் சொன்னான். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மலரின் அட்டைக்கு அக்காவின் படத்தை வெட்டி, பின்னால் ஓர் அருவியை வைத்து அச்சகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லிளித்தது. "இத உங்கம்மா பாத்தா மொகத்துலயே விட்டெறிஞ்சிருப்பா, எடுக்கச் சொல்லு" என்றேன். அதனால்தான் அட்டையில் அக்கா வெறும் சுவருக்கு முன்னால் இருக்கிறார்.

மலரில் எழுதுவதால் 'அவர்' என்கிறேன். நேரில் அறுபது வருடமும் நீ, வா, போ தான். அந்த அறுபது வருடத்தில் பெரும்பகுதி எனக்கு அவர்மேல் பொறாமை. உங்களில் பலருக்கு அது தெரிந்த விஷயம்தான், இங்கே மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐந்து வருடம் கழித்து நான். அப்பாவுக்கு மல்லிகையும் கனகாம்பரமும்தான் விவசாயம். அம்மா காய்ச்சலில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அன்றோடு அக்காவின் படிப்பு நின்றது, அடுப்படி அவர் பொறுப்பானது. நான் படித்து, பின்னாளில் ஆசிரியையும் ஆனேன். அது அவர் எனக்குத் தந்தது. இதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "இம்புட்டூண்டு பிள்ளைக்கு என்னா பொறுப்பு பாரு" என்று அக்காவின் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ அக்கா பேச்சக் கேட்டு நடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும்தான் விடிந்தும் விடியாமலும் பூ எடுத்தேன், குடத்தில் தண்ணீர் சுமந்தேன். அது யார் கண்ணிலும் படவில்லை.

அப்பா பூ போடும் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவருக்குக் கண் மங்கிவிட்டது. நெகட்டிவில் பென்சில் வைத்துத் திருத்த, கை நடுங்காத ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரிய மகள் போடும் கோலத்தைப் பற்றி அப்பா அவரிடம் அளந்துவிட்டிருக்கிறார். இப்படியாக இருபது வயதில் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு தினமும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். அந்தக் கைப்பையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஸ்டூடியோவில் ஏரியும் அன்னமும் மாடிப்படியும் வரைந்த பெரிய திரை உண்டு. அதன் முன்னால் நின்றால் எவரும் கொடைக்கானல் போய்வந்தவர்தான். அது போதாது என்பவர்களுக்கு ஒட்டுப்படம். கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காத காலம். ஒருவரின் உருவத்தைப் படத்திலிருந்து பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். பின்பக்கத்து ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து வெங்காயச் சருகு மாதிரி மெலிதாக்க வேண்டும். வேறொரு படத்தின் மேல் அதை ஒட்டி, ஒட்டின இடத்தில் தூரிகையால் சாம்பல் நிறம் தொட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அந்தப் புதுப் படத்தில் ஓரம் தெரியக் கூடாது. மற்ற ஸ்டூடியோக்களில் செய்தால் தெரியும். அக்கா செய்தால் தெரியாது.

பழனி பக்கம் கீரனூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். கையில் அவருடைய சின்னப் படம் ஒன்று மட்டும். இருவரும் சேர்ந்து நிற்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்றார். அன்று நானும் அங்கே இருந்தேன். "உங்களவிட அவரு எம்புட்டு ஒசரம்?" என்று அக்கா கேட்டார். அந்தப் பெண் கையைத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் தூக்கி, "இந்தளவு இருப்பாருங்க" என்றார். தூக்கின கையை இறக்கவே இல்லை. அக்கா எழுந்துபோய் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டார். அப்படி ஒரு காரியம் எனக்குத் தோன்றியிருக்காது. தோன்றாததற்கும் சேர்த்து அவர்மேல்தான் எரிச்சல் வந்தது.

அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானபோது அப்பா ஒரே ஒரு குறை சொன்னார். "உங்கம்மா படம் ஒண்ணு இருந்தா, கும்பிட்டுட்டு வாசப்படி எறங்குவ. இல்லாமப் போச்சே தாயி." அம்மா இருந்த ஒரே படம் ஊர் மாதர் சங்கத்தில் எடுத்த குழுப்படம். மூன்றாவது வரிசையில் புளியங்கொட்டை அளவுக்கு முகம் தெரியும், உடம்பு தெரியாது. அக்கா அந்த முகத்தைப் பெரிதாக்கி, பென்சிலால் திருத்தி எடுத்துவிட்டார். உடம்புக்கு என்ன செய்வது என்று யோசித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏடி, உனக்கு அம்மா ஒடம்புடி. எந்திரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையைக் கட்டி என்னை ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்திருந்ததால் விளக்குகளை எல்லாம் இடப்பக்கம் தள்ளினார். "மூஞ்சிக்கு ஒரு பக்கம் வெயிலு, ஒடம்புக்கு ஒரு பக்கம் வெயிலுன்னா சின்னப்பிள்ளகூடக் கண்டுபிடிச்சிரும். ஆடாத." மதியம் முழுக்க ஆடாமல் இருந்தேன். அம்மா கையை எப்படி வைத்துக்கொள்வார் என்று எனக்கு நினைவில்லை. என் வழக்கப்படி மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். பின்னணிக்கு, ஸ்டூடியோக்காரர் எப்போதோ நத்தம் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த மாந்தோப்பு. முகம் ஓரிடம், உடம்பு ஓரிடம், தோப்பு ஓரிடம். ஒரு மாதம் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கினார்.

முடிந்த படத்தை எனக்குத்தான் முதலில் காட்டினார். மாமர நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்துத்தான் என்னைத் தேட ஆரம்பித்தேன். கஞ்சி வடிக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று என் மணிக்கட்டில் உண்டு. படத்தில் அது இல்லை. "தழும்ப என்ன பண்ணுன?" என்றேன். "அம்மாவுக்கு ஏதுடி தழும்பு? அழிச்சிட்டேன்" என்றார். கழுத்துக்கு மேலே என்னை அறுத்துப் போட்டாயிற்று. மிச்சம் இருந்த அடையாளத்தையும் தூரிகையால் துடைத்தாயிற்று.

"அப்பாகிட்ட சொல்லிராத. ஸ்டூடியோவுல பழைய நெகட்டிவு கெடச்சுச்சுன்னு சொல்லப் போறேன். நீதான்னு தெரிஞ்சா அது அம்மா படமா இருக்காது, உன் படமா ஆயிரும்."

சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்தேன்.

அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு அக்காவின் தலையில் கை வைத்து அழுதார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அந்தக் கை என் பக்கம் வரவே இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் அப்பா, "நத்தத்துல என் சேக்காளி வீட்டுக் கல்யாணம். மாந்தோப்புல பந்தி. அன்னைக்கு இந்தச் சேலதான் கட்டியிருந்தா" என்று கதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாவம், நடக்காததெல்லாம் நடந்ததாக அப்பாவுக்கு நினைவு வருகிறது என்று நினைத்து, நான் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன். சித்தப்பா வீட்டுக்கு ஒரு பிரதி, மாமா வீட்டுக்கு ஒரு பிரதி என்று அந்தப் படம் உங்களில் பலர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் அக்காவைக் கொண்டாடினீர்கள்.

அக்கா திண்டுக்கல்லில் குடித்தனம் நடத்தி, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். அத்தான் கால் முறிந்து இரண்டு வருடம் படுத்திருந்தபோது, வீட்டிலேயே மேசை போட்டு ஸ்டூடியோ வேலையைச் செய்து குடும்பத்தைத் தாங்கினார். கம்ப்யூட்டர் வந்ததும் முகம் சுளிக்காமல் பிளேடைக் கீழே வைத்தார். "இது சல்லிசா இருக்கே" என்று சிரித்ததோடு சரி.

அப்பாவின் கடைசி எட்டு வருடம் என் வீட்டில். நான்தான் குளிப்பாட்டினேன், சோறு பிசைந்து கொடுத்தேன். கட்டிலுக்கு எதிரே அந்தப் படம். யார் வந்தாலும் "பெரியவ கொண்டாந்த படம்" என்று கை காட்டுவார். என் வீட்டில், என் கையால் சாப்பிட்டுக்கொண்டே அக்கா புராணம். ஒரு நாளாவது 'சின்னவளே' என்று அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மதியம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

"அப்பாவுக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"படத்தக் கொண்டாந்த அன்னைக்கே தெரியும். நீ அடுப்படிக்குப் போனதும் சொன்னாரு, 'கட்டவெரல உள்ள மடக்கி வச்சுக்கறது சின்னவதான'ன்னு. நான் ஒரு மாசம் உக்காந்து அந்தக் கழுத்த ஒட்டுனேன். அத ஒரு வார்த்த கேக்கல. உன் கையத்தான் பாத்தாரு."

"அப்ப நத்தம் கல்யாணம்?"

"என் வேலைய எவனும் கொற சொல்லிரக் கூடாதுன்னு அவராக் கட்டிவிட்டது. 'சின்னவகிட்ட நான் கண்டுகிட்டேன்னு சொல்லு, சந்தோசப்படுவா'ன்னும் சொன்னாரு. சொல்லிட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"மனசு வரல. படிச்சவ நீ. அம்மா ஒடம்பு உனக்கு. அப்பா கண்ணும் மொதல்ல உன் மேலதான் போச்சு. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. கத்தலாமா என்றும் இருந்தது. அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தைக்கு நான் காத்திருக்க, அந்த வார்த்தை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தபடி அப்பா எட்டு வருடம் என் எதிரே படுத்திருந்திருக்கிறார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஒரு சுளையை எடுத்துக் கொட்டை நீக்கி அவர் வாயில் வைத்தேன். மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். அடுத்த வாரம் அக்கா காலமானார்.

அந்த நாட்களில் இராப்பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அக்கா வீட்டுத் தெருப் பிள்ளைகளுக்கும், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூடவே இருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படித்த அக்கா மகன், "சித்தி, இதப் போட்டுத்தான் ஆகணுமா?" என்றான். "போடு" என்றேன்.

அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். முகம் அம்மாவுடையதுதான். கைகள் என்னுடையவை, இனி எல்லோருக்கும் தெரியட்டும். வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தில் ஒட்டின ஓரம் தெரிகிறதா என்று பாருங்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக, என் உடம்பு எங்கே முடிந்து அம்மா எங்கே ஆரம்பிக்கிறார் என்று நானும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறேன். இன்று காலையிலும் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.