பாக்கெட்டில் வந்த பெல்ட்

1. முதல் நாள்

சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் நாள், எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் ரஹீம் பாய் என் கையில் ஒரு பூட்டையும் சாவியையும் கொடுத்தார்.

நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் மேல் ஆள் ஏறி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சைப் பூட்ட வேண்டும். அதற்காக எழுதி வாங்கும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். சாவி, அனுமதி வாங்கியவரிடம் இருக்கும். வேலை முடிந்ததும் அவரே ஆட்களை எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சாவியைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை பெல்ட் அசையாது.

"எடுத்தவங்கதாம்மா திருப்பணும். உங்க அப்பாவே வந்து கேட்டாலும் கரெண்ட் குடுக்க மாட்டேன்" என்றார்.

"எங்க அப்பா ஏன் பாய் இங்க வரப் போறாரு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

அதையும் டைரியில் எழுதிக்கொண்டேன். எனக்கு எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் மனதில் நிற்கும்.

2. பதினொரு வேலைகள்

மூன்று வருடம் கழித்து, நர்ஸாக இருக்கும் என் அக்கா ஷைனிக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் பத்து நாள் எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து தங்கினாள். இனி எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

நான் ஒரு லிஸ்ட் போட்டேன். "அக்காவோடு செய்ய வேண்டியவை" என்று தலைப்பு. மொத்தம் பதினொன்று. ஒன்று, மந்தாரக்குப்பத்தில் பரோட்டா சாப்பிடுவது. இரண்டு, பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்துவது. இப்படியே போகும். ஏழாவது மட்டும் கொஞ்சம் சங்கடமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து நாளில் ஒன்றுகூட முடியவில்லை. முதலில் ஒரு கியர் பாக்ஸ் போனது. பிறகு இரண்டு பேர் லீவு போட்டதால் அவர்களுடைய ஷிஃப்டையும் நான் பார்த்தேன். நான் வீட்டுக்கு வரும்போது அக்கா தூங்கியிருப்பாள். அவள் எழுந்திருக்கும்போது நான் போயிருப்பேன். லிஸ்ட்டில் மட்டும் தேதியை அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"லிஸ்ட்டு நல்லா இருக்குடி. அதுல உன்னத்தான் காணோம்" என்றாள் அம்மா.

3. இருபத்திரண்டு வேலைகள்

அக்கா கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை. டாக்ஸி நான்கு மணிக்கு. எனக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிஃப்ட். பெல்ட்டை ஒட்டும் வேலை அன்று முடிய வேண்டியிருந்தது. வீட்டில் எல்லாரும் ஆலயத்துக்குப் போனார்கள். நான் சுரங்கத்துக்குப் போனேன்.

ஜாயிண்ட் வேலைக்கு நானே தயாரித்த செக் லிஸ்ட்டில் இருபத்திரண்டு வரிகள். ஒன்றே முக்காலுக்கு இருபத்திரண்டையும் டிக் செய்தேன். அப்போது அக்கா போன் செய்தாள்.

"நேர்ல வரியா, இல்ல இப்பவே வீடியோ கால்ல டாட்டா காட்டிடவா?"

அடுத்த ஷிஃப்ட் இன்ஜினியரிடம், "எல்லாம் முடிஞ்சுது, செக் லிஸ்ட் மேஜைல இருக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தேன். இருபத்து மூன்றாவது வரியாக இருந்திருக்க வேண்டியது, "லைன் கிளியரைத் திருப்பித் தருதல்." அதை நான் எழுதவே இல்லை.

4. ஜெபம்

வீட்டில் பிரியாணி. அம்மா வாசலிலேயே என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா கிளம்பும் வரை யாரும் போனைத் தொடக் கூடாதாம்; எல்லாருடைய போன்களும் ஏற்கெனவே இட்லிப் பானைக்குள் இருந்தன, என்னுடையதும் அதில் விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா வழியனுப்பு ஜெபத்தை ஆரம்பித்தார்.

அப்பா ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெபமும் ஸ்டாக் எடுப்பது போலத்தான் இருக்கும். விமானத்தில் தொடங்கி, பைலட், அக்கா தங்கப் போகும் அறை, அங்குள்ள குளிர், பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக. பெரியப்பாவின் சர்க்கரை அளவுக்கு வந்தபோது சமையலறையில் இட்லிப் பானை உறுமியது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி உறுமியது. சித்தியின் வீட்டுக்கடனுக்கு வந்தபோது வாசலில் ஒரு பைக் நின்றது.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். ரஹீம் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, தலை குனிந்து வாசலில் நின்றிருந்தார். நான் எழப் போனேன். இருக்கட்டும் என்று கையால் காட்டினார். அப்பா "ஆமென்" சொன்னதும் அவர் "ஆமீன்" என்றார். பிறகுதான் பேசினார்.

"மேடம், பெல்ட்ட பாக்கெட்ல போட்டுகினு வந்துட்டீங்க."

இன்னும் கழற்றாத வேலைக் கோட்டின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டால் பூட்டை உடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரைத் தேடுவதைவிட என்னைத் தேடுவது சுலபம் என்று வந்திருக்கிறார்.

மணி மூன்று இருபது. போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அக்கா அதற்குள் கிளம்பியிருப்பாள்.

அப்பா எழுந்தார். "சாவிய என்கிட்ட குடும்மா. நான் பாய் கூட போய்க் குடுத்துட்டு வரேன்."

ரஹீம் பாய் என்னைப் பார்த்தார். நான் ரஹீம் பாயைப் பார்த்தேன்.

"முதல் நாளே சொன்னேனேம்மா" என்றார்.

விஷயத்தை விளக்கினோம். அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எடுத்தவங்க கையெழுத்து இல்லாம எப்படி? அதான் சரி" என்று உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா.

எனக்கு அழுகை வந்தது. அக்கா கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"டாக்ஸிய இப்பவே வரச் சொல்லுங்க. எல்லாரும் மைன்ஸுக்குப் போலாம்."

5. ஏழாவது வரி

"சென்னைக்கு வடக்குத்து வழியா போவணும்ங்க. நீங்க நேர் எதிர் பக்கம் சொல்றீங்களே" என்றார் டிரைவர். "ஒரு சாவி குடுத்துட்டுப் போயிடலாம்ங்க" என்றாள் அம்மா, பக்கத்து வீட்டில் கொடுப்பது போல.

முன்னால் அப்பா. பின்னால் நாங்கள் மூன்று பேர், மடியில் பெட்டி. ரஹீம் பாயின் பைக் முன்னால் வழி காட்டியது. பத்து நாளில் முதல் முறையாக நானும் அக்காவும் விழித்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் டைரியை எடுத்து லிஸ்ட்டைச் சத்தமாகப் படித்தாள்.

"ஏழு. பச்சைச் சுடிதார் விஷயத்தை ஒப்புக்கொள்ளுதல்." என் பக்கம் திரும்பினாள். "என் பச்சைச் சுடிதார அயர்ன் பாக்ஸ் வெச்சுக் கருக்கினது நீயா?"

"ஆமா."

"பதினாலு வருஷமா அம்மான்னு நெனச்சிட்டிருந்தேன்டி."

"அதனாலதான் அப்போ ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியா?" என்றாள் அம்மா. அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். சுரங்கத்தின் கேட் வரும் வரை தலையை எடுக்கவே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் லிஸ்ட்டின் மற்ற பத்து வரிகளில் எதையும் நாங்கள் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கேட்டில் அவர்கள் நின்றார்கள். நான் உள்ளே போய் ஆட்களை மறுபடி எண்ணினேன். ஜாயிண்ட் வேலை செய்த நான்கு பேரும், ஷிஃப்ட் முடிந்தும் இந்த எண்ணிக்கைக்காகப் போகாமல், தள்ளி ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க டீ குடிச்சிகினுதான் இருக்கோம், நிதானமா பாருங்க மேடம்" என்றார் ஒருவர்.

கையெழுத்துப் போட்டேன். சாவியை ரஹீம் பாய் கையில் வைத்தேன்.

"ஓடுங்க" என்றார்.

ஓடினேன். அக்கா கேட்டிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். பெல்ட் கிளம்பும் முன் அடிக்கிற சைரன் கேட்டது. அவள் காதில் நான் ஏதோ சொன்னேன். அவளும் ஏதோ சொன்னாள். சைரனில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

6. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

முதலாவது: செக் லிஸ்ட்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் லைன் கிளியருக்கென்றே எழுதிவையுங்கள். அன்று யாருக்கும் அடிபடவில்லை. எனக்கு மெமோ வந்தது. அது நியாயம்தான்.

இரண்டாவது: லைன் கிளியர் புத்தகத்தில் "வேலை முடியும் நேரம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதை நாம் நிரப்புகிறோம். நம் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டவர் தந்திருக்கும் நாட்களிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதை அவர்தான் நிரப்புகிறார், நமக்குக் காட்டுவதில்லை. அது தெரியாததால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தேதியைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். சிலுவைக்குப் போகுமுன் இயேசுவுக்கு இருந்த வேலையைவிடப் பெரிய வேலை எனக்கு இல்லை. அவரே அன்று மாலை தம்முடையவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிஃப்ட் இல்லாவிட்டால் மதியம் இரண்டு மணி நேரம் நான் வீட்டுக்கு மட்டும்தான். இட்லிப் பானைக்கு வெளியே ஒரே ஒரு போன், அது அக்காவின் வீடியோ காலுக்கு. அப்பா ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் அயர்லாந்திலிருந்து குரல் வரும்.

"ஒரு நிமிஷம்ப்பா. பாக்கெட்?"

நான் எழுந்து இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் பெரியப்பாவின் சர்க்கரை அளவு ஆரம்பமாகும்.