பொட்டலத்துக்குள் இருப்பவை

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை மணி பதினொன்று பத்து. விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. சைபர் கஃபே வாசலில் எட்டுக் குடைகள் விரித்தபடி கிடந்தன. அவற்றில் ஒன்று எங்களுடையது. உள்ளே என் மனைவி ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூன்று வாரமாகச் செய்த இணையப் பக்கத்தை ஏற்றிவிட அவள் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பக்கத்து நாற்காலியில், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, அமுக்கவா?"

கொஞ்சம் பொறு என்றேன். நல்ல நேரத்தைப் பார்த்துத்தான் வந்திருந்தோம். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்களுக்கு இனாமாக இடம் கொடுத்த கம்பெனியின் கணினி அமெரிக்காவில் இருக்கிறது. பக்கம் போய் உட்காரப் போவது அங்கே.

"அங்க இன்னும் செவ்வாய்க்கெழம ராத்திரி. செவ்வாய்க்கெழமயில போயா ஒரு வியாபாரத்த ஆரம்பிக்கிறது?"

"கடை அமெரிக்காவுலயா இருக்கு? இங்க புதன்தானே. கம்ப்யூட்டர் வாடகை மணிக்கு மூணு வெள்ளி காசு ஓடிக்கிட்டு இருக்கு லா."

அமுக்கிவிட்டாள். படங்களோடு சேர்ந்து ஏறி முடியப் பதினாறு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினாறு நிமிடமும் மின்சாரம் போய்விடுமோ என்று நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடை தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பழைய கடைவீடு ஒன்றின் முன்பாதி. பின்பாதியில் ஒரு சீனக் கிழவர் குடை பழுது பார்த்தார். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன். என் மனைவி தட்டச்சுப் பள்ளியில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். நான் ஓய்வு பெற்ற வருடமே அந்தப் பள்ளி மூடிவிட்டது. அவள் வீட்டில் சும்மா இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். மீன்கறித் தூள், இறைச்சிக் கறித் தூள், ரசப்பொடி என்று மூன்றே சாமான்களோடு கடையைத் திறந்தாள். லைசென்ஸ் அவள் பெயரில். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, ஒன்பது வருடமாக இருவரும் தினமும் கடைக்கு வந்துகொண்டிருந்தோம்.

கடைக்கு வாடகை நூற்றுப் பத்து வெள்ளி. பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு அந்த வருடக் கடைசியோடு முடிகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும், சந்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்காரர் மட்டும் நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஜூலையில் கடிதம் அனுப்பினார். ஜனவரியிலிருந்து தொள்ளாயிரம். அதைக் கொடுக்க வேண்டுமானால், வழக்கமாக விற்பதற்கு மேல் மாதம் இருநூறு பொட்டலம் விற்றாக வேண்டும். சந்துக்கு வருகிற ஆட்கள் குறைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கடிதம் வந்த அன்று மாலை ஃபெரியில் வீடு திரும்பினோம். அக்கரையில் பட்டர்வொர்த் வந்து சேரும்போது, "கட போச்சுன்னா நான் காலையில எந்திரிச்சு எங்க போறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இணையப் பக்கம் அவளுடைய யோசனை. ஊரை விட்டுப் போன பிள்ளைகள் மெல்பர்னிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தூள் வேண்டும், நாம் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றாள். காசு கொடுத்துச் செய்விக்க விசாரித்தபோது ஒரு கம்பெனி இரண்டாயிரம் வெள்ளி கேட்டது. அவள் நேராகப் புத்தகக் கடைக்குப் போய், இருபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசுக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். அந்த விலைக்கு என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டேன். நான் கேட்டது அவள் காதில் விழாத மாதிரி முதல் பாடத்தைத் திறந்தாள்.

சைபர் கஃபேயில் அவள் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவதை, விளையாட்டில் இருந்த பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கடையை நடத்திய சீனப் பெண் எங்களுக்கு மூலையில் இருந்த இடத்தையே ஒதுக்கி வைத்தாள். என் வேலை எண்ணுவது. ஒரு பக்கத்தை எழுதும்போது கூரான அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையைத் திறந்தால், பிறகு அதை மூட வேண்டும். ஒன்றை மூட மறந்தால் அதற்குக் கீழே உள்ள எழுத்தெல்லாம் தடித்துப் போகும், இல்லையேல் சாய்ந்துவிடும். நான் திரையில் விரலை வைத்து, திறந்தது நாற்பத்திரண்டு, மூடியது நாற்பத்தொன்று என்று சொல்வேன். அவள் தொலைந்ததைத் தேடிப் பிடிப்பாள். அந்த மூன்று வாரமும் நாங்கள் சண்டை போடவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து அந்தக் கணினியில் வரவில்லை. கடையின் பெயரை அவள் கோலம் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். அதையும் நான்கு புகைப்படங்களையும் கணினிக்குள் ஏற்றிக் கொடுத்ததற்கு, படம் ஒன்றுக்கு இரண்டு வெள்ளியாகப் பத்து வெள்ளி. செய்ததைச் சேமிக்க நான்கு வட்டு, ஆறு வெள்ளி. மூன்று போதும் என்றேன். ஒன்று கெட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்றாள். அந்தக் கவலை எனக்கே வந்திருக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் கடை. இரண்டாம் பக்கத்தில் விலை. மூன்றாம் பக்கம் வேண்டும் என்றவன் நான்தான். கப்பல் ஏஜென்சியில் எங்கள் பிழைப்பே சரக்குப் பட்டியல். எந்தப் பெட்டியில் என்ன, எவ்வளவு எடை என்று ஒவ்வொன்றாக எழுதாத சரக்கு சுங்கத்தில் நிற்கும். எடை எழுதாத ஒரே ஒரு மூட்டைக்காக முழுச் சரக்கும் பதினோரு நாள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளாக, சிவப்பாக ஒரு தூளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால் அங்கே இருக்கிறவன் சந்தேகப்பட மாட்டானா? ஆகவே பொட்டலத்துக்குள் இருப்பவை என்று தலைப்புப் போட்டு, முதலில் மீன்கறித் தூளுக்கு மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள் என்று எல்லாவற்றையும் கிராம் கணக்கில் சொன்னேன். அவள் அடித்தாள்.

அந்த எடைக் கணக்கு என்னிடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அவள் எதையும் நிறுக்க மாட்டாள். மல்லிக்குப் பால் டின், மிளகாய்க்குக் கைப்பிடி, வெந்தயத்துக்கு மூன்று விரல். கடை திறந்த வருடம் அடக்க விலை போடுவதற்காக, அவள் அள்ளியதையெல்லாம் சட்டியில் போடுமுன் தராசில் போடச் சொல்லி நான் குறித்துக்கொண்டேன். அதில் ஒரு கிராம்கூடப் பிசகு கிடையாது. அவளோ, ஒரு டைப்பிஸ்ட். "படிக்காத, பாத்து அடி" என்றுதான் தன் மாணவிகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். படித்தால் வேகம் குறையும், பிழை வரும். நான் சொன்ன எண்கள் அவள் காது வழியாக விரலுக்குப் போயின. இடையில் எங்கேயும் நிற்கவில்லை.

பக்கம் ஏறிய முதல் வாரம் தினமும் மாலையில் அரை மணி நேரம் போய்ப் பார்த்தோம், பிறகு வாரத்துக்கு ஓரிரு முறை. அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருந்தது. ஏழாவது நாள் அது பத்தொன்பது காட்டியது. நாங்கள் திறந்து பார்ப்பதையும் அது ஒரு ஆளாகச் சேர்க்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழித்தால் ஐந்து. அந்த ஐந்து பேரும் ஏன் எழுதவில்லை? விலை அதிகமா? அவள் கையெழுத்துப் படம் இறங்க நேரமாகிறதே, காத்திருக்காமல் போய்விட்டார்களா? டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் எண்ண ஆரம்பித்தால், அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள்.

மூன்றாவது வாரம் முதல் மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நிபோங் திபாலில் பிறந்து மெல்பர்னில் வாழும் ஒரு பெண். அதே மாலையில் டொராண்டோவிலிருந்து இன்னொன்று. இரண்டு வாடிக்கையாளர் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். அவள் படித்தாள், நான் கேட்டேன். மெல்பர்ன் பெண் ரொம்ப நன்றி சொல்லியிருந்தாள். அங்கேயுள்ள இந்தியக் கடையில் சாமான் வாங்கி, எங்கள் பக்கத்தில் போட்டிருந்த எடைப்படியே வறுத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் அரைத்தாளாம். மீன்கறியை அவள் புருஷன் இரண்டு தட்டு சாப்பிட்டானாம். டொராண்டோக்காரரும் அரைத்திருந்தார். இறைச்சிக் கறித் தூளுக்கும் இதேபோல் எடை போட முடியுமா என்று கேட்டிருந்தார்.

என் மனைவி மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். முதன்முறையாக அதை அடிக்காமல் படித்தாள்.

"என்னங்க, இந்த நூத்தி எம்பது கிராம் மல்லி… அது எத்தன டின்னு?"

"ரெண்டு டின்."

"அப்ப இந்த மொளகா?"

அவள் தன் வலது கையைத் தூக்கி, மூடி, ஒரு முறை பார்த்தாள்.

"இது என் கைதானே? என் கையவா அவ்வளவு பேருக்கும் அனுப்பி வச்சீங்க?"

"சுங்கத்துல நிக்கும்னு…"

"தூளு நிக்கும்னு பயந்து கடையவே கப்பல் ஏத்திட்டீங்களே. நல்ல கிராணி லா நீங்க."

கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். சிரித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், நிறைய நேரம் துடைத்தாள். நான் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது எடைகளை அவள் எடுத்துவிட்டிருந்தாள், சாமான் பெயர்கள் மட்டும் நின்றன. அதோடு விட்டிருக்கலாம். மெல்பர்ன் பெண்ணுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். வெந்தயத்தைக் கடைசியில் தனியாக வறுக்க வேண்டும், மிளகாயைச் சூடு ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும், காப்பி இயந்திரத்தில் அரைத்தால் சூட்டில் மணம் போய்விடும் என்றெல்லாம். மிச்சம் இருந்ததையும் கொடுக்கிறாயே என்று கேட்டேன்.

"அரகொறயா அரைச்சிட்டு, இது அந்தக் கடைத் தூளுன்னு என் பேர சொல்லுவாங்க. எப்படி இருக்கணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் லண்டனிலிருந்தும் ஒருவர் அதே நன்றியை எழுதினார். அவள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் இனாமாக அனுப்பச் சொன்னாள், ஒப்பிட்டுப் பார்க்க. தபால் செலவு மட்டும் நாற்பத்தெட்டு வெள்ளி அறுபது காசு. தபால் அலுவலகத்தில் சுங்கத் தாளை நான் நிரப்பினேன். பொருள்: கறித் தூள். அவ்வளவுதான் எழுதினேன். மூன்றும் எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர்ந்தன.

மெல்பர்ன் பெண் தீபாவளிக்கு முன்னால் பன்னிரண்டு பொட்டலம் கேட்டு பேங்க் டிராஃப்ட் அனுப்பினாள். தான் அரைத்தது வேறு, இது வேறு என்று எழுதியிருந்தாள். டொராண்டோக்காரர் வாங்கவில்லை. ஆனால் தன் தூள் ஏன் கசக்கிறது என்று இரண்டு முறை கேட்டார், இவளும் இரண்டு முறை பதில் எழுதினாள். இன்னும் நான்கைந்து பேர் ஒன்று இரண்டாக வாங்கினார்கள். டிசம்பர் முடிய எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது பொட்டலம். மாதத்துக்கு இருநூறு வேண்டியிருந்த இடத்தில், நான்கு மாதத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாவியைக் கொடுத்தோம். குடைக்கிழவர் அதற்கு முந்தின வாரமே போய்விட்டார். தராசு, சட்டி, பால் டின் எல்லாம் இரண்டு பெட்டிகளில் அடங்கிவிட்டன. தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெரியில் காசு வாங்குவதில்லை, வரும்போதுதான் வாங்குவார்கள். நாளையிலிருந்து அந்தக் காசும் மிச்சம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். சந்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஒரு பொட்டலத்துக்காக புக்கிட் மெர்தாஜாம் வரை வரப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பாதிக் கடல் தாண்டியதும் அவளே பேசினாள். வீட்டு அடுப்படியிலேயே வறுக்கலாம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அரவை மில் இருக்கிறது, காலையில் எழுந்தால் போக ஒரு இடம் ஆயிற்று என்றாள். மின்னஞ்சல் பார்க்க அங்கேயும் சைபர் கஃபே இருக்குமா என்று கேட்டாள். இரண்டு இருக்கிறது, நான் போன வாரமே போய்ப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் மணிக்கு இரண்டரை வெள்ளிதான் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் அந்த இனாம் வெப்சைட்டுக்கு எவ்வளவு ஆச்சு?"

புத்தகம், வட்டு, படம், தபால் ஆகியவற்றோடு சைபர் கஃபேயில் முப்பத்தொரு மணி நேரம், தொண்ணூற்று மூன்று வெள்ளி. மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமே, அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, தன் வலது கையை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"அத எழுதாதீங்க. அது நான் கொடுத்ததா இருக்கட்டும்."

எழுதவில்லை. ஆகவே மொத்தம் நூற்று எண்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு.